பேணுதலும் மதித்தலும்

பசித்தவருக்கு உணவும் வீடற்றவருக்கு இடமும் தருவது அறம் என்பதைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகப் போற்றி வருகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், பார்வையற்றோர், நடக்க இயலாதோர், ஆதரவற்றோர், பிணியுற்றோர் ஆகியோரை அழைத்து உணவளித்தான். பின்னர் அவன் பெற்ற அமுதசுரபி, காலப்போக்கில் மணிமேகலையை வந்தடைந்தது. அவள் சிறையில் இருந்தோரின் பசியைப் போக்கியதோடு நின்றுவிடவில்லை. அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என மன்னனிடம் வேண்டினாள். உணவு மட்டும் போதாது, விடுதலையும் வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

ஏர்வாடி உணர்த்திய உண்மை

2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பியோட இயலவில்லை. அவ்விபத்தில் 28 பேர் உயிரிழந்தனர். உண்ண உணவும் உறங்க இடமும் இருந்தும், எழுந்து செல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. உரிமையைப் பறித்துக்கொண்டு அளிக்கப்படும் பாதுகாப்பு, பாதுகாப்பே ஆகாது என்பதை நாடு அன்று உணர்ந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடைசெய்கிறது. தமக்கு எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் அது வழங்குகிறது.

இல்லம் தேடித் தருதல்

வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரும் 1993இல் சென்னையில் ‘பேன்யன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். மனநலம் குன்றித் தெருவில் வாழ்ந்த பெண்களுக்கு அது புகலிடமானது. மருத்துவத்தால் நலம்பெற்றவர்களின் குடும்பங்களைத் தேடிக் கண்டறிந்து அவர்களைச் சேர்த்துவைப்பது அதன் பணிகளுள் ஒன்று. திரும்பிச் செல்ல இயலாதோர், ஊருக்குள் உள்ள வீடுகளில் சிறு குழுக்களாக, உதவியாளர் துணையுடன் வாழ்கின்றனர்.

அதே ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு இயக்கம், தன்னார்வலர்களைக் கொண்டு நோயாளரின் இல்லத்திற்கே சென்றது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், படுக்கையில் இருப்போருக்கு இயன்முறை மருத்துவத்தையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டிலேயே வழங்குகிறது.

பராமரிப்பாளரின் அன்றாடம்

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த முதியவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சட்டை அணிவிக்க ஐந்து நிமிடம் போதும். அவரே அணிய அரைமணி நேரம் ஆகலாம். நல்ல பராமரிப்பாளர் காத்திருப்பார். எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்பார். செயலிழந்த கையை முதலில் நுழைக்கக் கற்றுத்தருவார். இயலாத இடத்தில் மட்டும் உதவுவார். ஒருவரால் இயன்றதையும் நாமே செய்துவிட்டால், எஞ்சியிருக்கும் ஆற்றலும் அவரிடமிருந்து நீங்கிவிடும்.

தம்மிடம் பகிரப்பட்ட செய்திகளை மறைவாகக் காப்பதும் அவருடைய கடமை. ஆயினும், ஒருவர் துன்புறுத்தப்படுவதை அறிந்தால் மௌனம் காத்தல் தகாது. குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567 ஆகிய உதவி எண்கள் அதற்காகவே உள்ளன.

இப்பணிக்கு அன்பு அடிப்படை. பயிற்சியும் உரிய ஊதியமும் ஓய்வும் அதைத் தாங்கும் தூண்கள். தூக்கும் முறை அறியாமல் நோயாளரைத் தூக்கினால் இருவருக்குமே காயம் நேரும். ஓய்வின்றி உழைப்பவரிடம் பொறுமை வற்றிவிடும். வீடுகளில் இச்சுமை பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகிறது. அதைப் பகிர்ந்துகொள்வது குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.

மாணவர்களே! முதுமையும் நோயும் யாருக்கும் நேரக்கூடியவை. உங்கள் தெருவிலும் உதவி தேவைப்படுவோர் இருக்கலாம். அவர்களுக்காக எதையேனும் செய்வதற்குமுன், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அவர்களிடமே கேளுங்கள்.