கரை வானம் – 17: எழுபத்திரண்டாவது பிள்ளை

2027 ஜூலை 18, ஞாயிறு இரவு ஒன்பதரை மணி. கடலிலிருந்து எழும்பிய பூரண நிலவு கல்முனைக்கு மேலே நல்ல உயரத்தில் நிற்கும். அந்நேரம் ஒரு சந்திர கிரகணம் வந்து போகும். கரைவலைக்காரர் யாரும் அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு நிமிடமளவுதான். நிலவின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட நிழலுக்குள் போகாது, அதுவும் வெறும் புறநிழல்.

கருநிழலைச் சுற்றியிருக்கும் இந்தப் புறநிழலில் நின்று பார்த்தால் சூரியனின் ஒரு பகுதி தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் நிலவு இருளாது, லேசாக மங்கும். மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போனால்தான் அந்த மங்கலும் கண்ணுக்குப் பிடிபடும்.

பிறகு இதற்கு ஏன் ஒரு வாரப் பத்தி? அதன் குடிக்காகத்தான். நம் ஊர்களில் ஆளைத் தெரியாவிட்டால் என்ன குடி என்று கேட்டு, தாய்வழியில் பிடித்துக்கொண்டு போவார்கள். கிரகணங்களுக்கும் அப்படியொரு வழி உண்டு. சாரோஸ் என்று பெயர். 223 சந்திர மாதம், அதாவது ஹிஜ்ரிக் கணக்கில் 18 வருடமும் 7 மாதமும் கழிய, அதே குடியின் அடுத்த கிரகணம் வரும். அதற்குள் நிலவு, பஞ்சாங்கக்காரர் ராகு கேது என்னும் புள்ளிகளில் ஒன்றுக்கு 242 தடவை திரும்பியிருக்கும். இரண்டு கணக்கும் சரியாகப் பொருந்திவிட்டால் குடி அழியவே அழியாது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இடிக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் நிலவு கொஞ்சம் விலகியே நிழலைக் கடக்கும். ஓரத்தில் தொட்டுப் பிறந்த குடி, நடுவயதில் நிலவை முழுக்க மறைத்து, மறு ஓரத்தில் முடியும்.

ஜூலையில் முடிவது 110ஆம் சாரோஸ். தலைப்பிள்ளை பிறந்தது 747 மே 28, ஹிஜ்ரி 129 ரமழானின் நடுப்பகுதி. அதே ரமழான் பிறை 25இல் மெர்வுக்கு அருகே அப்பாஸியருக்காக அபூமுஸ்லிம் கறுப்புக் கொடியை உயர்த்தினார். மூன்று வருடத்துக்குள் உமையாக்களின் ஆட்சி சரிந்து அப்பாஸியர் வந்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போடவேண்டாம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் வந்தபோதே, அது யாருடைய மரணத்துக்காகவும் வருவதில்லை என்று அவர்களே சொல்லி அந்தக் கதையை முடித்துவைத்துவிட்டார்கள்.

71ஆம் பிள்ளை 2009 ஜூலை 7இல் வந்தது. நமக்கு அது பிற்பகல், நிலவு அடிவானத்துக்குக் கீழே. 2045 ஜூலை இறுதியில் இந்தக் குடியின் முறை திரும்ப வரும்போது நிலவு நிழலைத் தொடாமலே போய்விடும்.

மங்கலாக இருப்பதெல்லாம் முதுமை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2023 மே 5, வெசாக் இரவு பதினொரு மணியளவில் வந்ததும் புறநிழல் கிரகணம்தான், 96 வீதம். கூடுகளின் வெளிச்சத்தில் கவனித்தவர்கள் சொற்பமாகவே இருந்திருப்பார்கள். அது 141ஆம் சாரோஸ், வளர்கிற குடி. அடுத்த பிள்ளை 2041 மே 16இல் கருநிழலையே தொட்டுவிடும்.

கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஜூலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2027இலேயே ரமழான் நடுவில், பெப்ரவரி 21 அதிகாலை 4.43ஐ ஒட்டி இன்னொன்று உச்சத்துக்கு வருகிறது. விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு புறநிழலுக்குள். ஸஹருக்கு எழும்பியிருக்கும் நேரம். நிலவு மேற்கே, வயல் பக்கம் நிற்கும். போனில் வெளிச்ச அளவை நன்றாகக் குறைத்து ஒரு படம் எடுங்கள். அடுத்த நாள் அதே அளவில் இன்னொன்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண் தவறவிட்ட மங்கலைப் படம் காட்டிக்கொடுக்கும்.