ஒரே சில்லில் பல செயலிகள்

கணிப்பொறியின் மூளை என வழங்கப்படும் செயலி, ஒரு கடிகாரத்தின் துடிப்பிற்கு இசையக் கட்டளைகளை நிறைவேற்றும் சாதனமாகும். 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலியில் இத்துடிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 7,40,000 ஆக இருந்தது. 2004-இல் அந்நிறுவனத்தின் பென்டியம் 4 செயலியில் அது 380 கோடியை எட்டியது. ஆயினும், 400 கோடித் துடிப்புள்ள செயலியை வெளியிடும் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது.

இதற்குக் காரணம் உஷ்ணமே. செயலி செலவிடும் மின்சக்தி, துடிப்பின் எண்ணிக்கைக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் ஏற்ப உயர்கிறது. துடிப்பை விரைவுபடுத்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால், சிறிதளவு வேகத்திற்காகப் பெருமளவு சக்தி வெப்பமாக மாறுகிறது.

ஆகவே, மிகு விரைவுள்ள செயலி ஒன்றிற்குப் பதிலாக, மிதமான விரைவுள்ள பல செயலிகளை ஒரே சில்லில் அமைக்கும் முறை கையாளப்பட்டது. இவை ஒவ்வொன்றும் 'கோர்' எனப்படும். 2001-இல் ஐ.பி.எம். நிறுவனம் இரண்டு கோர்கள் கொண்ட பவர் 4 சில்லை வெளியிட்டது. 2005-இல் இம்முறை மேசைக் கணிப்பொறிகளிலும் இடம்பெற்றது.

நான்கு கோர்கள் இருப்பின் வேகமும் நான்கு மடங்காகும் எனக் கருதுதல் பொருந்தாது. இவ்வரம்பை 1967-இலேயே ஜீன் அம்டால் எடுத்துரைத்தார். விடைத்தாள் திருத்தும் பணியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். திருத்துவதற்கு 9 மணியும், பின்னர் ஒருவரே அமர்ந்து தரவரிசை தயாரிப்பதற்கு 1 மணியும் ஆகும் என்க. ஓர் ஆசிரியருக்கு 10 மணி தேவை. நால்வர் பகிர்ந்து திருத்தினால் மூன்றேகால் மணி ஆகும். தொண்ணூறு பேர் கூடினும் 1 மணி 6 நிமிடத்திற்குக் குறையாது. பங்கிட இயலாத அந்த ஒரு மணியே வேகத்திற்கு எல்லை வகுக்கிறது.

எனவே, பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ கணிப்பொறி வாங்குவோர் கோர்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்கலாகாது. காணொளிகளைப் பதப்படுத்துதல், செயற்கைக்கோள் படங்களை ஆராய்தல் போன்ற, எளிதில் பங்கிடத்தக்க பணிகளுக்குப் பல கோர்கள் பெரிதும் பயன்படும். கடிதம் தட்டெழுதுவதற்கும் சிறு கணக்குகளுக்கும், ஒவ்வொரு கோரின் விரைவும் போதிய நினைவகமுமே முக்கியமானவை. செய்யவிருக்கும் பணியை முதலில் வரையறுத்து, பின்னர் யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனமாகும்.