சக்கரத்தின் மேல் ஒரு குளிர்காலம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லையை ஒட்டினாற்போல் குவார்ட்சைட் என்றொரு ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,413. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். வெளியே தலைகாட்ட ஆள் இருக்காது. ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஊரைச் சுற்றியுள்ள பொட்டல்வெளி முழுக்க வண்டிகள் நிற்கும். கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் ஏ.சி. போட்டு நிற்கும் நடிகரின் வண்டி. இங்கே நிற்பவை குடித்தனம் நடக்கிற வண்டிகள். பஸ் அளவுள்ள சொகுசு மோட்டார் வீடும் உண்டு. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்த டிரெய்லரும் உண்டு. இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்ட சரக்கு வேனும் உண்டு.

இந்த நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதைப் பராமரிக்கும் பி.எல்.எம். என்ற நில நிர்வாகத் துறை, 1983-ல் நீண்ட நாள் தங்குவோருக்கென்று தனிப் பகுதிகளை ஒதுக்கியது. குவார்ட்சைட்டின் தெற்கே உள்ள லா போசா அவற்றில் ஒன்று. 11,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்களுக்கான கட்டணம் பல ஆண்டுகளாக 180 டாலராகவே இருந்தது. பெரிய நகரங்களில் ஒரு வார வாடகைக்குக்கூடக் காணாத தொகை. குடிநீர்க் குழாய், குப்பை போட இடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வசதி ஆகியவை அதற்குள்ளேயே அடக்கம். அந்தக் காசும் இல்லாதவர்கள் சுற்றியுள்ள அரசு நிலத்தில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இங்கே நிஜமான சலுகையைத் தருவது அரசைவிட வானிலைதான். வடக்கே மினசோட்டா மாநிலத்தில் உறைபனியில் வேனில் தூங்கினால் உயிருக்கே ஆபத்து. குவார்ட்சைட்டில் ஜனவரிப் பகல் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும்.

ஆனால் பாலைவனம் சூட்டைச் சேர்த்துவைக்காது. காற்றில் ஈரமில்லை, மேலே மேகமில்லை. பொழுது சாய்ந்ததும் நிலம் தன் வெப்பத்தை அப்படியே வானத்துக்கு விட்டுவிடுகிறது. இரவில் ஐந்தாறு டிகிரி சாதாரணம். சில நாள் பூஜ்யத்துக்கும் போகும். டிசம்பர் கடைசியில் இரவின் நீளம் சுமார் 14 மணி நேரம். ஆறடிக்குப் பத்தடி இடத்துக்குள் அவ்வளவு நேரத்தையும் ஓட்டியாக வேண்டும்.

ஹீட்டர் போட்டுக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது. வண்டியோடு வரும் ஹீட்டர் புரொப்பேன் எரிவாயுவில் எரியும். சூட்டைப் பரப்பும் விசிறியோ பேட்டரியில் ஓடும். ஈயப் பேட்டரியென்றால் பாதிக்கு மேல் வடிய விடக்கூடாது, ஆயுள் குறைந்துவிடும். லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய கடைசிவரை எடுக்கலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். சரி, பகலில் சூரியத் தகடு ஈடுகட்டாதா? டிசம்பரில் இங்கே நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. கூரையில் படுக்கையாகக் கிடக்கும் தகட்டுக்கு, வெயிலை நேருக்கு நேர் வாங்கும் தகட்டுக்குக் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும். அதனால் அனுபவஸ்தர்கள் கூரையில் ஏறித் தகட்டைத் தெற்கே பார்த்துச் சாய்த்து வைக்கிறார்கள். காற்று பலமாக அடிக்கும் என்று தெரிந்தால் மறுபடி ஏறிப் படுக்க வைக்கிறார்கள்.

விசிறியில்லாத சிறிய எரிவாயு ஹீட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றின் சங்கடம் வேறு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அத்தனையும் குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் வியர்த்து, மெத்தைக்கடியில் பூஞ்சணமாகிறது. வறண்ட பாலைவனத்தில் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பது விசித்திரம்தான். அதைவிடப் பெரிய பயம் கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எனவே சூடேற்றிக்கொண்டே ஜன்னலையும் விரலளவு திறந்துவைக்க வேண்டும். பல பேர் ஹீட்டரை அணைத்துவிட்டு நல்ல ரஜாயாகப் பார்த்துப் போர்த்திக்கொண்டு படுப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல.

தண்ணீரைக் கேன்களில் தூக்கி வர வேண்டும். பாத்திரத்தை முதலில் துணியால் துடைத்துவிட்டுத்தான் கழுவுவார்கள். வண்டியை நிறுத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். வறண்ட ஓடையின் மணல் படுக்கை சமதளமாக, வசதியாகத் தெரியும். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே தூறல்கூட இல்லாதபோது, வெள்ளமாக வந்து இறங்குவது அந்த ஓடையில்தான். இன்ஜின் சூட்டைத் தேடி வந்து ஒயரைக் கடித்துத் துண்டாக்கும் ஒரு பாலைவன எலியும் உண்டு. அதற்காகவே இரவில் பானெட்டைத் திறந்துவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இங்கே பிரமிடு வடிவில் ஒரு கல்லறை. உச்சியில் உலோக ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் பொதி சுமக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலி 1902-ல் இங்கே இறந்தார்; அவருடைய கல்லறைதான் அது. நம் காலத்துப் பிரபலம் பால் வைனர். பழைய புத்தகக் கடை வைத்திருந்த அவர், உடம்பில் பெயருக்கு ஒரு துண்டுத் துணியோடு கல்லாவில் நிற்பார். 2019-ல் காலமானார்.

வந்து தங்குகிறவர்கள் யார்? கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் ஓய்வூதியர்கள் ஒரு சாரார். அவர்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது. இன்னொரு சாராருக்கு இந்த வண்டிதான் வீடு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இவர்கள் பெருகிய கதையை ஜெசிகா புரூடர் 2017-ல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலாக எழுதினார். குளோயி ஜாவ் இயக்கத்தில் அது படமாகி, 2021-ல் சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் பெற்றது. அதில் தாமாகவே தோன்றும் பாப் வெல்ஸ், 1995-ல் விவாகரத்துக்குப் பின் கையில் காசில்லாமல் வேனில் குடியேறியவர். 2011 முதல் அவர் கூட்டிய குளிர்கால முகாமில், வேனுக்குள் கட்டில் அடிப்பது முதல் வாளியைக் கழிப்பறையாக்குவது வரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள்.

வண்டி கிடைத்துவிடும், முகவரிதான் கிடைக்காது. ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வங்கி எல்லாமே கதவு எண் கேட்கின்றன. தெற்கு டகோட்டா மாநிலம் இதில் தாராளம்: அங்கே ஓர் இரவு தங்கிய ரசீதும், தபாலை வாங்கி அனுப்பும் நிறுவனத்தின் முகவரியும் இருந்தால் உரிமம் கொடுத்துவிடும். ஆனால் வாக்காளராகப் பதிய 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று 2023-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். வண்டிக்குக் கிடைக்கும் நம்பர் பிளேட் போல ஓட்டு அவ்வளவு லேசில் கிடைப்பதில்லை.

குளிர்காலம் முழுக்க இந்த இரண்டு சாராரையும் பிரித்துச் சொல்வது கடினம். அதே நாற்காலி, அதே சாயங்கால நெருப்பு, அதே எலித் தொல்லை. ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கியதும் தெரிந்துவிடும். ஒரு சாரார் தோட்டத்தைக் கவனிக்க வீடு திரும்புகிறார்கள். மற்றவர்கள் மலைப்பகுதி முகாம்களுக்குப் பராமரிப்பாளர்களாகப் போகிறார்கள்: கூடாரம் போட வருபவர்களிடம் கட்டணம் வசூலித்து, கழிப்பறை கழுவி, சம்பளமும் வண்டி நிறுத்த இடமும் பெறுகிறார்கள். அக்டோபரில் வட டகோட்டா, மினசோட்டா எல்லையில் சர்க்கரை பீட் அறுவடை. 12 மணி நேர ஷிஃப்டில், பலர் அறுபது வயதைத் தாண்டியும், லாரியில் வரும் கிழங்கைக் குவிக்கும் இயந்திரத்தடியில் நிற்கிறார்கள். அந்தக் கூலியில் டீசல் போட்டுத்தான் மறுபடி குவார்ட்சைட்டுக்கு வர முடியும்.