மீன் தொட்டி அழகா தெரியணுமா? பொம்மை வாங்குறதுக்கு முன்னாடி இந்த 7 விஷயத்தை கவனிங்க!

கலர் கலரா கல், வாயைத் திறந்து மூடும் புதையல் பெட்டி, நீல நிற லைட், பத்து வகை மீன். கடையில் பார்த்தப்போ அவ்வளவு அழகா இருந்த தொட்டி, வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் தண்ணீர் கலங்கி, கண்ணாடியில் பச்சை படிந்து, காலையில் ரெண்டு மீன் செத்து மிதக்கும். பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது.

மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மீன் தொட்டி வசதியான ஒன்று. நாய், பூனைக்கு முகம் சுளிக்கும் ஹவுஸ் ஓனர்கூட மீனுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தாலே மனசு லேசாகும். ஆனால் அழகுக்காக நாம் வாங்கிப் போடும் பொருளே சில நேரம் மீனுக்கு எமனாகிவிடுகிறது. அப்படியானால் தொட்டியை எப்படி அழகாக்குவது?

1. முதல் அலங்காரம் தண்ணீர்தான்

தண்ணீர் பளிச்சென்று இல்லாவிட்டால் எந்தப் பொருளும் எடுபடாது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டரிலும் கல்லிலும் வளரும் நல்ல பாக்டீரியா. இது முழுதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாளே 20 மீன் விட்டால் கொத்துக் கொத்தாகச் சாவது இதனால்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் செடியும் ஃபில்டரும் மட்டும் ஓடட்டும். பிறகு மூன்று, நான்கு மீனாகச் சேர்த்துக்கொண்டே போங்க.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். மொத்தமாகக் கொட்டிக் கழுவவே கூடாது. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்க. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளோரின் கலந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு நாள் திறந்து வையுங்க, அல்லது கடையில் கிடைக்கும் 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து சேருங்க.

2. பின்னாடி ஒரு கறுப்பு சார்ட் பேப்பர்

குறைந்த செலவில் பெரிய மாற்றம் வேண்டுமா? பவளப்பாறை படம் போட்ட பின்னணி ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கம் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்க. பின்னாடி போகும் ஒயர், டியூப் எல்லாம் மறைந்துவிடும். செடியின் பச்சையும் மீனின் நிறமும் தூக்கலாகத் தெரியும்.

தரையில் நீலம், பிங்க் கல்லுக்குப் பதில் இயற்கையான பழுப்பு அல்லது கறுப்பு கல் போடுங்க. முன்பக்கம் ஒரு இன்ச், பின்பக்கம் மூன்று இன்ச் எனச் சரிவாகப் பரப்பினால், ஒரு அடி அகலத் தொட்டிக்கும் ஆழம் கூடியது போலத் தெரியும்.

3. நடுவில் வைக்காதீங்க

பெரிய கல்லோ மரக்கட்டையோ, எதுவானாலும் ஒன்றுதான் முக்கியம். அதைத் தொட்டியின் நட்டநடுவில் வைக்காமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஓரமாக வையுங்க. மறுபக்கம் காலி இடம் இருக்கட்டும். மீன் நீந்துவது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015) இந்தக் கலையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். பொம்மை எதுவும் இல்லாமல் கல், மரம், செடியை மட்டும் வைத்து ஒரு காட்டையோ மலையையோ தொட்டிக்குள் கொண்டுவந்தார். போர்ச்சுகலின் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 2015-ல் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம். அளவு பெரிதானாலும் வழி அதேதான்: கல், மரம், செடி, காலி இடம்.

கல் வாங்கினால் அதன் மேல் ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்குக்கும் இதே பிரச்சினைதான்.

4. பிளாஸ்டிக் செடியைவிட உயிர்ச்செடி லாபம்

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் புதியவர்களுக்கு ஏற்றவை. மண் வேண்டாம், அதிக வெளிச்சம் வேண்டாம். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும். பின்பக்கம் உயரமாக வளர வாலிஸ்னேரியா நடலாம். இவை அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்வதால் பாசியும் குறையும்.

5. லைட் எவ்வளவு நேரம்?

ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். அதற்கு மேல் எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். ஷிஃப்ட் மாறி மாறி வருபவர்கள் ஒரு டைமர் பிளக் வாங்கி, நீங்க வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அதை செட் பண்ணிக்கலாம். ஆனால் நேரத்தை அடிக்கடி மாற்றாதீங்க. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்திலும் தொட்டி வேண்டாம். தண்ணீருக்குள் கை விடுவதற்கு முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது கட்டாயம்.

6. பத்து வகை வேண்டாம், ஒரு கூட்டம் போதும்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 50 லிட்டர் பிடிக்கும். பத்து வகையில் ஒவ்வொன்று விடுவதைவிட, ஒரே வகையில் எட்டு மீன் சேர்ந்து நீந்துவதுதான் அழகு.

எந்த மீன் என்பதை உங்க வீட்டுத் தண்ணீர் முடிவு செய்யும். பக்கெட்டிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அப்படியானால் அது கடின நீர். கப்பி, மோலி, பிளாட்டி அதில் நன்றாக வாழும். நியான் டெட்ராவுக்கு மென்மையான நீர் வேண்டும். அதற்காக வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றாதீங்க. மீனுக்குத் தேவையான தாது உப்பு அதில் மிகக் குறைவு. கப்பி சீக்கிரம் பெருகிவிடும் என்பதால் ஆண் மீன் மட்டும் வாங்கலாம். நிறமும் அதற்குத்தான் அதிகம்.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி சிறியது. செடியையும் பிடுங்கிப்போடும்.

பளபளக்கும் பிங்க், பச்சைக் கோடு போட்ட கண்ணாடி மீனைப் பார்த்தால் யோசிங்க. அது நம் இந்திய ஆறு, குளங்களில் வாழும் மீன்தான். அதற்கு அந்த நிறம் இயற்கையில் கிடையாது. உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றுகிறார்கள். சில மாதங்களில் சாயம் வெளுத்துவிடும். அதற்குள் பல மீன்கள் நோய் வந்து செத்துப்போகும்.

7. வெயிலும் பவர் கட்டும்

வண்ண மீன் வாங்க கொளத்தூர் போகிறவர்கள் நிறைய. மறைமலை நகரிலிருந்து மின்சார ரயிலில் பார்க் இறங்கி, சென்ட்ரலில் மாறி வில்லிவாக்கம் போய்த் திரும்ப நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் மீன் பாலிதீன் பையில் இருப்பதால், கையோடு ஒரு தெர்மகோல் பெட்டி கொண்டு போங்க. வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் 20 நிமிஷம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்க.

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி. மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பில் படும்படி சின்ன ஃபேன் வையுங்க. ஐஸ் கட்டியை அள்ளிப் போட வேண்டாம். வெப்பநிலை சட்டென்று மாறுவது மீனுக்கு ஆபத்து. மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

வேண்டாத மீனை ஏரியில் விடலாமா?

கூடவே கூடாது. பாசி தின்னும் என்று விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' தென் அமெரிக்க மீன். ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதவில்லை என்று பாவம் பார்த்து ஏரியில் விடப்பட்ட இந்த மீன்கள், இன்று சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகிவிட்டன. உள்ளூர் மீன்களின் இரைக்கும் முட்டைக்கும் போட்டியாக இருப்பதோடு, முள் போன்ற செதிலால் மீனவர்களின் வலையையும் கிழிக்கின்றன. வளர்க்க முடியாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்க.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே தொடங்கலாம். புதையல் பெட்டியை வெளியே எடுங்க, பின்னாடி கறுப்புத் தாளை ஒட்டுங்க, லைட் நேரத்தைக் குறையுங்க. புது மீன் வாங்குவதை மட்டும் அடுத்த மாசம் வரைக்கும் தள்ளிப்போடுங்க.