மாசிக் காட்டின் பச்சை

வெளிநாட்டுப் புகைப்பட நூல்களைப் படித்துவிட்டு, 'இளவேனில் காட்டை எடுக்கிறேன்' என்று மாசி மாதம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு முதல் நாளே குழப்பம்தான். அங்கே பனி உருகியதும் மொட்டை மரங்களெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகத் துளிர்க்கும். நம் ஊரில் அப்படி இல்லை. முகையூரில் தொடங்கி, செஞ்சியைச் சுற்றிக்கொண்டு திண்டிவனம் வரை போய்ப் பாருங்கள். ஒரு புங்கன் இலையைக் கொட்டிக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி இன்னொன்று புது இலையில் பளபளக்கும். வேம்பு பாதி மொட்டையாக நிற்கும். இங்கே மரத்துக்கு மரம் தேதி வேறு. ஆகவே ஒரே சாலையில் வாரம் ஒருமுறை போய் வருகிறவருக்குத்தான் படம் கிடைக்கும்.

நிறமும் வேறு. நம் தளிர் பெரும்பாலும் பச்சையாகப் பிறப்பதில்லை. மா, அரசு, இலுப்பை, வேம்பு எல்லாம் செம்பு நிறத்திலோ செந்நிறத்திலோதான் துளிர்க்கின்றன. ஆந்தோசயனின் என்ற நிறமி செய்யும் வேலை இது. பச்சையம் முழுதாக உருவாகும்வரை கடும் வெயிலிலிருந்து இளம் இலையை அது காக்கிறது என்கிறார்கள் தாவரவியலாளர்கள். சில நாட்களில் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். மாசி, பங்குனியில் படம் எடுக்கத் தேடவேண்டிய முதல் பொருள் பூ அல்ல, இந்த மாந்தளிர் நிறம்தான் என்பது என் கட்சி.

முகையூர்ப் பக்கம் வயலும் ஏரியும் பனையும்தான் அதிகம். மரமடர்ந்த இடம் வேண்டுமென்றால் வடக்கே செஞ்சியை ஒட்டிய பக்கமலை போன்ற காப்புக்காடுகள் உண்டு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். கிழக்கே போனால் கடலோரம் கீழ்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு. இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968-ல் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட பட்டியலில் இது தனி வகை. சோழமண்டலக் கரையோரம் இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம், அதுவும் பெரும்பாலும் கோயில் காடுகளாக. வீரை, காயா, நாவல் என்று குட்டையான, கிளை பின்னிய மரங்கள். கோடையிலும் மொட்டையாகாது. பூக்கும் பருவத்தில் காயாவின் கிளையோடு ஒட்டிப் பூக்கும் நீலப் பூவைக் கண்டால் விடாதீர்கள்.

இந்த மரங்கள் மழையில்லாத மாதங்களிலும் இலையை உதிர்க்காமல் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? இலை தடிப்பாக, தோல்போல இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். நீர் ஆவியாகாமல் காக்கும் அந்த மெழுகுதான் படமெடுப்பவருக்கு எதிரி. ஒன்பது மணி வெயிலில் இலையெல்லாம் எண்ணெய் தடவிய தலைபோல மினுங்கும்; படத்தில் பச்சை இருக்காது, வெள்ளைப் புள்ளிகள்தான் இருக்கும். வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது, அதாவது முனைவுறுகிறது. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 டிகிரி சாய்வில் இது உச்சத்தில் இருக்கும். லென்ஸின் முன்னே போலரைசர் ஃபில்டரை மாட்டி மெல்லத் திருப்பினால் அந்த ஒளி தடைபடும். இலையின் சொந்த நிறம் அடியிலிருந்து எழுந்து வரும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், ஆகவே டிரைபாட் அவசியம். மற்ற ஃபில்டர்களின் வேலையைக் கணினியில் ஓரளவு செய்துவிடலாம். போலரைசரின் வேலையை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. மினுக்கத்தில் வெளுத்துப்போன நிறத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நேரமும் நம் பக்கம் இல்லை. 12 டிகிரி அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. உதித்த ஒரு மணி நேரத்தில் 14 டிகிரி உயரம் போய்விடும். லண்டன்காரர் அனுபவிக்கும் நீண்ட பொன் வெளிச்சம் நமக்கு இல்லை. அதற்கு ஈடாகத் தை, மாசியில் மூடுபனி உண்டு. வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில், வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மிச்சமிருக்கும் நிலம் குளிரும்போது தரையை ஒட்டி நீராவி துளியாகிறது. தூரத்து மரம் வெளிறும், பக்கத்து மரம் கறுக்கும்; பின்னிக் கிடக்கும் காடு தானாக அடுக்கடுக்காகப் பிரியும். எது முன், எது பின் என்று கண்ணுக்குப் புரிவதுதான் காட்டுப் படத்தில் பாதி வெற்றி. பனி இல்லாத நாளில் மேகம் மூடினாலும் போதும். கடலோரக் காடு என்றால், முற்பகலில் கடற்காற்று கிளம்பி இலையை ஆட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

இனி எடிட்டிங். 1976-ல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வடிவத்தைத்தான் பெரும்பாலான கேமரா சென்சார்கள் இன்றும் பின்பற்றுகின்றன: பாதி புள்ளிகள் பச்சைக்கு, கால் சிவப்புக்கு, கால் நீலத்துக்கு. நம் கண்ணும் பச்சையைத்தான் அதிகக் கூர்மையாக உணர்கிறது. திரையில் தெரியும் ஒளிர்வில் ஏறத்தாழ 70 சதவீதம் பச்சையிலிருந்தே வருகிறது. ஆகவே காட்டுப் படத்தில் பச்சையைத் தொடுவது வெளிச்சத்தையே தொடுவதற்குச் சமம். சாச்சுரேஷனை ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். படம் பிளாஸ்டிக் தோரணமாகிவிடுகிறது. நான் சொல்வது நேர் எதிர்: பச்சையின் செறிவைக் கொஞ்சம் இறக்குங்கள், ஒளிர்வையும் இறக்குங்கள். செந்தளிர் தானாக முன்னே வரும். அதன் பிறகு ஓரங்களைச் சற்று இருட்டாக்கி, கண் போகவேண்டிய ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டினால் போதும். இதற்கெல்லாம் ரா ஃபைல் வேண்டும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது வித்தியாசம் தெரியும். செல்போன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: போன் தானாகவே நிழலையெல்லாம் தூக்கிக் காட்டைத் தட்டையாக்கிவிடுகிறது. எடுப்பதற்கு முன் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

நிறம் தொல்லையாகவே இருந்தால் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. காட்டை நம்மில் மிக நன்றாக அறிந்தவர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தானே பொருத்திய கேமராவோடு, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார்.

ஒரு வேண்டுகோள். குறுக்கே ஒரு கிளை வந்தால் ஒடிக்காதீர்கள், வளைத்தும் கட்டாதீர்கள். ஓரடி நகர்ந்து நில்லுங்கள். ஐயனார் காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டால்தான் அந்த மரங்கள் உங்கள் கேமராவுக்கு மிஞ்சியிருக்கின்றன.