உங்களுக்குத் தெரியுமா? ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் குடும்பச் செலவும்

● உடன்பிறந்த ஒருவரின் திசு நோயாளிக்கு முழுமையாகப் பொருந்த 25% வாய்ப்பே உண்டு. நால்வர் இருந்தால் அது ஏறக்குறைய 68% ஆகும். குடும்பம் சிறுத்தால் வாய்ப்பும் சிறுக்கும். வெளியே தேடும்போது, சொந்த இனத்தவரிடமே பொருத்தம் அமைவது எளிது. எனவே மலேசிய ஸ்டெம் செல் பதிவகத்தில் நம்மவர்கள் பதிந்துகொள்வது முக்கியம்.

● பெரியவர்களுக்கு அம்பாங் மருத்துவமனையிலும் குழந்தைகளுக்குக் கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையிலும் இச்சிகிச்சை நடக்கிறது. மலாக்காவில் இருப்போருக்கு இது சுமார் 150 கிலோமீட்டர் பயணம்.

● அரசு மருத்துவமனையில் மூன்றாம் வகுப்புக் கட்டில் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். பையைக் காலி செய்வது அதுவல்ல. மருத்துவமனை அருகே வாடகை அறை, போக்குவரத்து, பராமரிப்பவர் இழக்கும் கூலி ஆகியவையே.

● மாற்றுக்குப் பின் முதல் 100 நாள் கிருமித்தொற்று அபாயம் அதிகம். அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. கூட்டமான பஸ் ஆகாது. ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிய பின்னும் மண் கிளறுவதையும் மட்கிய இலை கூட்டுவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். அவற்றில் பூஞ்சை வித்துகள் இருக்கும்.

● ரத்தப் புற்றுநோய்க்காக மாற்று செய்துகொண்ட அமெரிக்கச் சிறுவர்களில், ஏழைப் பகுதியினருக்குச் சிகிச்சை சார்ந்த மரண அபாயம் கூடுதல் என 2021-இல் 'பிளட்' இதழ் ஆய்வு காட்டியது.

● மாற்றுத் தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, சொக்சோ இயலாமை ஓய்வூதியம், இபிஎஃப் மருத்துவப் பணமீட்பு ஆகியவற்றில் எது கிடைக்கும் என்று கேளுங்கள்.