போர்ஷே 911: கார் ஆர்வலர்களின் பார்வையில் பெயர், வடிவம், செயல்திறன்

போர்ஷே 911 என்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இயங்கும் போர்ஷே நிறுவனம் 1964 முதல் தொடர்ந்து தயாரித்துவரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். பின்புற எஞ்சின், வட்ட வடிவ முகப்பு விளக்குகள், பின்னோக்கிச் சரியும் கூரை ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு காரின் பெயர் மதிப்பு, வடிவம், செயல்திறன் ஆகிய மூன்றையும் ஆர்வலர்கள் எவ்வாறு எடைபோடுகிறார்கள் என்பதற்கு 911இன் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும். அவர்களது கருத்து சில வேளைகளில் இந்தக் காரைக் காப்பாற்றியுள்ளது. வேறு சில வேளைகளில், அவர்கள் வெறுத்த கார்களே நிறுவனத்தைக் காப்பாற்றியுள்ளன.

தோற்றம்

போர்ஷேயின் முதல் கார் வகையான 356க்கு மாற்றாக உருவான புதிய கார், 1963 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வைக்கப்பட்டது. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை எனப் பிரான்சின் பெஜோ நிறுவனம் கூறியதால், 1964இல் பெயர் 911 ஆனது. நிறுவனரின் பேரன் ஃபெர்டினான்ட் அலெக்சாண்டர் போர்ஷே இதை வடிவமைத்தார். முதல் காரில் காற்றால் குளிரூட்டப்படும் 2 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் திறன் 130 குதிரைத்திறன்.

குறையே அடையாளமானது

911இன் எஞ்சின் பின் சக்கர அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. இதனால் காரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்பக்கம் விழுகிறது. புறப்படும்போது பின் சக்கரங்கள் சாலையை நன்றாகப் பற்றுவது இதன் நன்மை. ஆனால், வளைவில் வேகமாகச் செல்கையில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின் சக்கரங்களின் பிடி தளர்ந்து, காரின் பின்பகுதி வெளிப்பக்கம் சுழன்றுவிடும். கேரியரில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு சைக்கிளை வேகமாகத் திருப்பியவர்கள் பின்பாரம் இழுப்பதை உணர்ந்திருப்பார்கள். ஏறத்தாழ அதே நிலைதான் இது.

இதைக் குறைக்க, 1969 மாடலில் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 57 மில்லிமீட்டர் கூட்டப்பட்டது. எனினும் 1975இல் வந்த 260 குதிரைத்திறன் கொண்ட 911 டர்போ, வளைவின் நடுவே திடீரென விசை கூடும் தன்மையால், 'கைம்பெண்ணாக்கி' என்று பொருள்படும் பட்டப்பெயரைப் பெற்றது.

பொறியியல் நோக்கில் இது குறைபாடு. ஆர்வலர்களுக்கோ, இக்காரை நன்றாக ஓட்டுவது கற்றுத் தேர்ந்த திறமையின் சான்றாயிற்று. பின்புற எஞ்சினும், காற்றுக் குளிர்ப்பு எஞ்சினின் தனி ஓசையும் 'உண்மையான போர்ஷே'யின் இலக்கணமாக நிலைபெற்றன.

ஏற்கப்படாத வாரிசுகள்

இந்த இலக்கணத்திற்குள் அடங்காத கார்கள் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஃபோக்ஸ்வாகனுடன் இணைந்து 1969இல் வெளியிடப்பட்ட 914, எஞ்சின் நடுவில் அமைந்த, சமநிலை மிக்க கார். ஆயினும் அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஃபோக்ஸ்வாகனுடையது என்பதால் அது முழு போர்ஷேயாகக் கருதப்படவில்லை. 1976இல் வந்த 924இல் எஞ்சின் முன்புறமும் கியர்பெட்டி பின்புறமும் வைக்கப்பட்டு, எடை இருபுறமும் ஏறத்தாழ சமமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வளைவுகளில் அது நம்பகமாகச் சென்றது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் ஃபோக்ஸ்வாகனின் சரக்கு வேனிலும் பயன்பட்டதால் அது ஏளனத்திற்கு உள்ளானது. எனினும் 924 ஒரு லட்சத்திற்கும் மேல் விற்றது.

1977இல் அறிமுகமான 928, நீரால் குளிரூட்டப்படும் எட்டு சிலிண்டர் எஞ்சினை முன்புறம் கொண்டது. 1978ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் பெற்றது. அப்போதைய தலைவர் எர்ன்ஸ்ட் ஃபுர்மான், காலப்போக்கில் 911இன் இடத்தை இதுவே பிடிக்கும் என எண்ணினார். ஆனால் வாடிக்கையாளர்கள் 911ஐக் கைவிடவில்லை. 1981இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷுட்ஸ், பொறியாளரின் அறைச் சுவரில் இருந்த திட்ட வரைபடத்தில் 911க்கான கோடு அந்த ஆண்டோடு முடிவதைக் கண்டு, பேனாவால் அதை வரைபடத்தைத் தாண்டிச் சுவர் வரை நீட்டியதாகப் பின்னாளில் கூறியுள்ளார். 928இன் தயாரிப்பு 18 ஆண்டுகளில் ஏறத்தாழ 61,000 கார்களோடு 1995இல் நின்றது. 911 தொடர்ந்தது.

1990களின் நெருக்கடி

பெயர் மதிப்பு மட்டும் ஒரு நிறுவனத்தை வாழவைப்பதில்லை. 1986இல் 50,000ஐத் தாண்டியிருந்த போர்ஷேயின் ஆண்டு விற்பனை, 1993 வாக்கில் 15,000க்கும் கீழே சரிந்தது. 911இல் கையால் செய்யப்படும் வேலைகள் மிகுதி. அதற்கும் மற்ற மாடல்களுக்கும் பொதுவான பாகங்கள் குறைவு. எனவே செலவு அதிகமாக இருந்தது. நிறுவனம் விற்கப்படலாம் என்ற பேச்சும் எழுந்தது. வென்டெலின் வீடெகிங் தலைமையில், டொயோட்டாவின் உற்பத்தி முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்கள் வரவழைக்கப்பட்டுத் தொழிற்சாலை சீரமைக்கப்பட்டது. 1996இல் விலை குறைந்த பாக்ஸ்டர் காரும், 1997இல் 996 எனக் குறிக்கப்படும் புதிய 911உம் வெளிவந்தன.

996: நீரும் விளக்கும்

996 இரண்டு காரணங்களுக்காக ஆர்வலர்களின் கோபத்திற்கு ஆளானது. முதலாவது, நீர்க் குளிர்ப்பு. இரைச்சல், புகை தொடர்பான சட்டங்கள் கடுமையாகிவந்தன. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தால் திறன் கூடும், புகை குறையும். ஆனால் அவ்வளவு நெருக்கமான அமைப்பின் வெப்பத்தைக் காற்றால் மட்டும் தணிப்பது கடினம். ஆகவே நீருக்கு மாறுவது தவிர்க்க இயலாததாயிற்று. 34 ஆண்டுகள் பழகிய ஓசை மறைந்தது.

இரண்டாவது, முகப்பு விளக்குகள். செலவைக் குறைக்க முன்பகுதியும் கதவுகளும் பாக்ஸ்டருடன் பொதுவாக்கப்பட்டன. வட்ட விளக்குகளுக்குப் பதிலாக, திசைகாட்டி விளக்கையும் ஒரே கண்ணாடிக்குள் சேர்த்த வடிவம் வந்தது. அதைப் 'பொரித்த முட்டை' என்று கேலி செய்தனர். விலை மிகுந்த காரும் குறைந்த காரும் எதிரே வரும்போது ஒன்றுபோலத் தெரிவதே உரிமையாளர்களின் முதன்மை மனக்குறை. எஞ்சினின் இடைத்தண்டு பேரிங் சில கார்களில் பழுதானதும் 996இன் பெயரைக் கெடுத்தது.

செயல்திறனில் 996 பின்தங்கவில்லை. 3.4 லிட்டர் எஞ்சின் 300 குதிரைத்திறன் தந்தது. 1999இல் வால்டர் ரோர்ல் 996 வகை ஜிடி3 காரில், 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 7 நிமிடம் 56 விநாடிகளில் கடந்தார். முந்தைய 993 வகையில் ஏறத்தாழ 68,000 கார்களே செய்யப்பட்ட நிலையில், 996 வகையில் 1,75,000 கார்கள் செய்யப்பட்டன. ஆயினும் 2004இல் வந்த 997 வகையில் நிறுவனம் வட்ட விளக்குகளுக்கே திரும்பியது. நீர்க் குளிர்ப்பு அப்படியே நீடித்தது. விளக்கு தோற்றம் சார்ந்தது, மாற்றிக்கொள்ள முடிந்தது. குளிர்ப்பு முறை சட்டமும் இயற்பியலும் சார்ந்தது, மாற்ற முடியவில்லை.

கெயென்

2002இல் வெளியான கெயென், ஃபோக்ஸ்வாகனின் டுவாரெக்குடன் இணைந்து உருவாக்கப்பட்ட உயரமான, நான்கு சக்கர இயக்கமுள்ள கார். ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம் தன் பெயரை விற்றுவிட்டது என ஆர்வலர்கள் கண்டித்தனர். சில ஆண்டுகளிலேயே அதன் விற்பனை 911ஐ விஞ்சியது. அதில் கிடைத்த வருவாய் ஸ்போர்ட்ஸ் கார்களின் வளர்ச்சிக்கும் துணைநின்றது. இன்று அதே ஆர்வலர்களில் பலர் இதை ஒப்புக்கொள்கின்றனர்.

வேகமா, உணர்வா

2013இல் வந்த ஜிடி3 மாடலில், இரட்டை கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பெட்டி மட்டுமே வழங்கப்பட்டது. அது மனிதக் கையைவிட விரைவாகக் கியர் மாற்றும் என்பதால் பந்தயத் தடத்தில் நேரம் மிச்சமாகும். அளவீட்டின்படி இது முன்னேற்றமே. ஆனால் கையால் கியர் மாற்றும் இன்பம் பறிபோனதாகப் பலர் குறைகூறினர். 2016இல் கைமுறைக் கியருடன் 991 எண்ணிக்கையில் மட்டும் 911 ஆர் வெளியிடப்பட்டபோது அதற்குப் பெரும் போட்டி ஏற்பட்டது. 2017இல் ஜிடி3யிலும் கைமுறைக் கியர் மீண்டும் இடம்பெற்றது.

கருத்துகளின் போக்கு

இந்நிகழ்வுகளிலிருந்து சில பொதுப் போக்குகளைக் காணலாம்.

- செயல்திறன் எண்களால் அளக்கப்படுகிறது. ஆனால் ஆர்வலர் அதை ஓட்டும் உணர்வோடு சேர்த்தே மதிப்பிடுகிறார்.
- வடிவம் பற்றிய தீர்ப்பு முதல் பார்வையிலேயே எழுகிறது. காலப்போக்கில் அது இளகவும் கூடும். நெடுங்காலம் பழைய கார் சந்தையில் மலிவாக இருந்த 996ஐ இப்போது விரும்பித் தேடுவோர் உள்ளனர்.
- பெயர் மதிப்பு கடந்த கால நினைவின் மீது நிற்கிறது. காற்றால் குளிரும் கடைசி வகையான 993 இன்று உயர்ந்த விலைக்குப் போவதற்கு, அது ஒரு மரபின் இறுதி என்பதும் காரணம்.
- கருத்துச் சொல்வோரும் வாங்குவோரும் எப்போதும் ஒரே கூட்டத்தினர் அல்லர். 924, கெயென் ஆகியவற்றின் விற்பனை இதைக் காட்டுகிறது.

2024இல் பெட்ரோலுடன் மின்மோட்டாரும் சேர்ந்த முதல் சாலைவகை 911, ஜிடிஎஸ் என்ற பெயரில் வெளிவந்தது. நூர்பர்க்ரிங் சுற்றில் அது முந்தைய ஜிடிஎஸ்ஸைவிட 8.7 விநாடி விரைவானது என நிறுவனம் தெரிவித்தது. அதன் எடை ஏறத்தாழ 50 கிலோ கூடியுள்ளது. கைமுறைக் கியர் அதில் இல்லை. ஆர்வலர்களின் விவாதம் இப்போது இக்காரைச் சுற்றித் தொடர்கிறது.